சேர்மன் திரும்பின முடக்கு

ஐயோ தம்பி, எப்பிடி வாக்குப் போடுறதெண்டு எழுதின அந்தக் கடதாசியை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைக்காதேங்கோ, கையில வைச்சிருங்கோ. உள்ளுக்குப் போய் நிண்டுகொண்டு தேடினா அந்த மேசையில இருக்கிற பிள்ளையள் பாவம், பின்னால நிக்கிற சனமும் புறுபுறுக்கும். ஓம், அந்தப் பக்கந்தான், தமிழில அடிச்சது. மற்றப் பக்கம் இங்கிலீஷ். தமிழ்ப் பக்கத்தை நான்தான் எழுதினனான். பிழை இருந்தாச் சொல்லுங்கோ, எனக்குக் கோவம் வராது. என்ர மனுசன் எழுதினதை அப்பிடியே விட்டிருந்தா, முதல் வசனம் முடியிறதுக்குள்ள நீங்கள் வாக்குப் போட்டிட்டு வீட்டை போய்ச் சேந்திருப்பியள்.

என்ன? ஓம், ரெண்டாவது பேர் என்ர பேர்தான். நாகேஸ்வரி ஈஸ்வரமூர்த்தி. சிரியுங்கோ, பறவாயில்லை, எல்லாரும்தான் சிரிக்கினம். இந்தக் கவுன்சில் எலெக்சனில தனிய ஒரு ஆள் நிண்டா வாக்குச் சீட்டில கோட்டுக்கு மேல பெட்டி தரமாட்டினமாம், குறூப்பா நிக்க வேணுமாம். இவர் சிட்னி முழுக்க ரெலிபோன் அடிச்சுக் கேட்டுப் பாத்தவர். ஒருத்தருக்கு நேரமில்லை. ஒருத்தருக்கு மனுசி விடாது. இன்னொருத்தர், தான் முதலாவதா நிக்கிறதெண்டா வாறன் எண்டிட்டார். கடைசியில குசினிக்குள்ள வந்து, நாகேஸ், நீர் இதில ஒரு கையெழுத்து வையும் எண்டார். நான் அகப்பையைக் கீழ வைச்சிட்டு வைச்சுக் குடுத்தன். பயப்படாதேங்கோ, முதலாவது ஆள் வெண்டு அதுக்குமேல வாக்கு மிஞ்சினாத்தான் எனக்கு வரும். அப்பிடி ஒண்டும் மிஞ்சாது.

உங்கட வீட்டை நோட்டீஸ் வரேல்லையோ, தவறிப் போச்சாக்கும் எண்டோ? ம். கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ, வரிசை நகருது. குட் மோர்னிங் சேர், ஈஸ்வரமூர்த்தி, இண்டிபென்டன்ட். தாங்க் யூ சேர். பாருங்கோ, வாங்கின கையோட, வாசல்ல விக்கிற சொசேச்சின்ர எண்ணெய் வழியாமல் அதால பிடிக்கிறார். அதுக்கெண்டாலும் உதவட்டும்.

அவரோ? அந்தா, கேற்றடியில நிக்கிறார். நீலக் கோட்டு, சிவப்பு ரை. இந்த வெயிலுக்குள்ள கோட்டு ஏன் எண்டு கேட்டனான். சேர்மன் எண்டா அப்பிடித்தான் நிக்கோணுமாம். இஞ்ச மற்ற வேட்பாளர் எல்லாம் கால்சட்டையும் தொப்பியுமா நிக்கினம், அதில ஒருத்தர் நாயையும் கொண்டு வந்திருக்கிறார். இவர் மட்டும் கலியாண வீட்டு வாசல்ல நிக்கிற மாமா மாதிரி ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து, குனிஞ்சு, வாங்கோ வாங்கோ எண்டு உள்ளுக்கு அனுப்புறார். வெள்ளைக்காரருக்கும் வாங்கோ வாங்கோதான். அவையளும் தலையாட்டிக்கொண்டு போகினம்.

ஓம், சேர்மன்தான். ஊரில கிராமச் சபைக்குச் சேர்மனா இருந்தவர். இருந்தவர் எண்டா சும்மா பேருக்கு இல்லைத் தம்பி. எங்கட பக்கத்துக்கு முதல் முதல் ரோட்டு விளக்கு அவற்ற காலத்திலதான் வந்தது. சந்தைக்குக் கூரை போட்டவர், நூல் நிலையம் திறந்தவர். சைக்கிளுக்கு லைசன்ஸ் தகடு எடுக்க ஆக்கள் வந்தா, சபைக் கந்தோர் பூட்டியிருந்தாலும் வீட்டை கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி குடுத்து இருத்திப்போட்டு, கிளாக்கரைக் கூப்பிட்டுத் திறப்பிச்சுக் குடுப்பார். விடியக் காலமை எழும்பி வேப்பங்குச்சியோட ஒரு சுற்றுப் போவார். எந்த மதகு உடைஞ்சிருக்கு, எந்த வேலி ரோட்டுக்குள்ள நகந்திருக்கு, எல்லாம் அவருக்குத் தெரியும். வேலியை அரை முழம் வெளிய தள்ளிப் போட்டவை இவரைக் கண்டா ஒழுங்கை மாறிப் போவினம். பிறகு அரசாங்கம் கிராமச் சபையளையே கலைச்சுப்போட்டுது. அண்டைக்கு அவர் கந்தோர்க் கதிரையால எழும்பி வந்த மாதிரி, நான் எங்கட அப்பா செத்த வீட்டிலகூட ஆரும் வந்து பாக்கேல்ல.

இஞ்ச வந்தாப்பிறகு தபால் பிரிக்கிற இடத்தில பதினெட்டு வருசம் இரவு வேலை. அதைக் குறைஞ்ச வேலை எண்டு நான் சொல்லேல்ல. நானே ஊரில பூமிசாத்திரம் படிப்பிச்சனான், இஞ்ச வந்து வயோதிப மடத்தில படுக்கை விரிச்சனான். நாங்கள் ரெண்டு பேரும் அதுக்கு முகம் சுளிக்கேல்ல. ஆனா அவருக்குள்ள ஒண்டு இருந்தது. வென்ட்வேர்த்வில்லுக்குக் கீரை வாங்கப் போனா, அந்தக் கடைக்காரப் பொடியன் பகிடிக்குத்தான், வாங்கோ சேர்மன் ஐயா எண்டுவான். இவருக்கு அது பகிடி எண்டு தெரியும். தெரிஞ்சும், வேற கடையில கீரை மலிவெண்டாலும் அங்கதான் போவார். இந்த எலெக்சன் அதாலதான் வந்தது. எழுவத்திரண்டு வயசு. அடுத்த முறை எண்டு ஒண்டு அவருக்கு இல்லை, அதை அவரும் அறிவார். வெண்டா வெண்டதுதான். இல்லையெண்டா மனுசன் இனிக் கோட்டை எடுத்துப் போடமாட்டார்.

மற்றது, தம்பி, நீங்கள் எந்தப் பக்கம்?

யாழ்ப்பாணம் எண்டு தெரியுது, கதையிலயே தெரியுது. யாழ்ப்பாணத்தில எவடம்?

ஓகோ. மாவிலங்கடியோ. எங்கட ஊரெல்லே அது. மாவிலங்கடியில எந்தப் பக்கம், கோயிலடியோ, சந்தைப் பக்கமோ?

இருங்கோ. சொல்லாதேங்கோ. இப்ப நான் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அதைக் கேக்கிறது என்னத்துக்கெண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கட முகம் சுருங்கினதைக் கண்டனான். ஊர்ப் பேரோட விடாமல், எவடம், எந்தப் பக்கம், ஆற்ற வளவுக்குக் கிட்ட எண்டு தோண்டித் தோண்டிக் கேக்கிறது, ஆள் எந்தச் சாதி எண்டு அறியிறதுக்குத்தான். இஞ்ச கலியாண வீட்டில, சாமத்திய வீட்டில, எல்லா இடத்திலயும் அதே கேள்வி. மற்றவை கேக்கிறபோது நான் வாயை மூடு எண்டு சொல்லியிருக்கிறன். இப்ப நானே கேட்டுப்போட்டன்.

அதை விடவும் கேவலம் என்னெண்டா, எனக்கு விடை தெரியும். நீங்கள் வெள்ளவாய்க்காலடி. அரியரத்தினத்தின்ர மகன்.

எப்பிடியெண்டு கேட்டா, என்ர கண்ணுக்குத் தெரியேல்ல. இவர்தான் கண்டு பிடிச்சவர். நீங்கள் காரை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வரேக்க கேற்றடியிலயிருந்து எனக்குக் கிட்ட வந்து, நாகேஸ், அந்தா வாறவன்ர நெத்தியையும் நடையையும் பாரும், அரியரத்தினத்தை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு எண்டார். எண்டிட்டு, நீர் போய்க் கதையும், நான் போனாச் சரிவராது எண்டார். அப்ப நான் வந்தனான். தற்செயலா வந்த மாதிரிக் கடதாசியை நீட்டினனான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

நீங்கள் வரிசையை விட்டுப் போக வேண்டாம், நான் வேணுமெண்டாப் போறன். இல்லையோ? சரி. அப்ப நிக்கிறன். இந்தச் சனம் முடிய இன்னும் நேரமிருக்கு.

உங்கட அப்பா இருக்கிறாரோ? எப்ப காலமானவர்? ம். எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்ல. சொல்லியிருந்தாலும் நாங்கள் வந்திருப்பமோ எண்டு கேட்டா, எனக்கு நிச்சயமில்லை.

உங்களுக்கு அந்தக் கதை எவ்வளவு தெரியும்? அப்பா சொல்லேல்லையோ. அவர் சொல்லாத ஆள்தான். வெள்ளவாய்க்காலடி எண்டா, முந்தி அது முழுக்க நாலாம் வட்டாரம். ஒழுங்கைக்கு ரெண்டு பக்கமும் உங்கட ஆக்கள். கோயிலுக்குள்ள விடாத காலம், தேத்தண்ணிக் கடையில உங்கட ஆக்களுக்கெண்டு போத்தலில குடுத்த காலம். ஆனா வாக்குப் பெட்டி எல்லாருக்கும் ஒண்டுதானே. அந்த வட்டாரத்தில உங்கட சனம்தான் கூட. அதுவரைக்கும் ஆரும் துணிஞ்சு நிக்கேல்ல. அப்பாதான் நிக்கப்போறன் எண்டவர். கொட்டில் போட்டு அந்த ஒழுங்கைப் பிள்ளையளுக்கு ரியூசன் குடுத்துக்கொண்டிருந்தவர். மாரி காலத்தில வாய்க்கால் நிரம்பி இடுப்பளவு தண்ணி ஓடும், மதகு இல்லை. ஒவ்வொரு பிள்ளையாத் தோளில வைச்சுக் கடத்திப்போட்டு, நனைஞ்ச வேட்டியோட நிண்டு படிப்பிப்பார். அவர் சபைக்கு வந்தா முதல் வேலை அந்த மதகுதான் எண்டு சொல்லித் திரிஞ்சவர். நாலாம் வட்டாரத்தில நிண்டா வெண்டிருப்பார். அதில ஒரு சந்தேகமும் இல்லை.

அந்த நேரம் பாத்து வட்டார எல்லையளைத் திருத்த வேணுமெண்டு அரசாங்கக் கச்சேரியில இருந்து ஆக்கள் வந்தவை. சேர்மனுக்குத்தானே ஊர் தெரியும், நீங்களே ஒரு கோடு போட்டுத் தாருங்கோ, நாங்கள் அனுப்பி விடுறம் எண்டினம். எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில படத்தை விரிச்சு வைச்சு, இவர் பென்சிலைக் காதில செருகிக்கொண்டு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு எடுத்து ஒரு கோடு போட்டார். வாய்க்காலோட போகேல்ல, ரோட்டோட போகேல்ல. வெள்ளவாய்க்கால் ஒழுங்கைக்கு நட்ட நடுவால போச்சுது. இடப்பக்கம் மூண்டாம் வட்டாரம், வலப்பக்கம் அஞ்சாம் வட்டாரம். அவ்வளவுதான். ஒருத்தருக்கும் அடிக்கேல்ல, ஒருத்தரையும் பேசேல்ல. ரெண்டு வட்டாரத்திலயும் உங்கட சனம் கொஞ்சப் பேராப் போச்சுது.

அப்பா மூண்டாம் வட்டாரத்தில நிண்டார். ஒழுங்கையின்ர இடப்பக்கம் ஒரு வாக்குப் பிசகாமல் அவருக்குத்தான் விழுந்தது. தோத்துப் போனார்.

பிறகு அந்த மதகும் இல்லை. ஏனெண்டா ஒழுங்கை ரெண்டு வட்டாரத்துக்கும் நடுவில எல்லே. மூண்டாம் வட்டார மெம்பர் சொல்லுவார், அது அஞ்சாம் வட்டாரம் எண்டு. அஞ்சாம் வட்டாரம் சொல்லும், அது மூண்டு எண்டு. ரெண்டு பேரும் சொன்னது உண்மை. சபையில ஒவ்வொரு கூட்டத்திலயும் அது வரும், ஒவ்வொரு கூட்டத்திலயும் பின்போடுவினம். இவர் தலைமைக் கதிரையில இருந்துகொண்டு, நான் என்ன செய்ய, மெம்பர்மார் பிரேரிச்சாத்தானே எண்டு கையை விரிப்பார். சட்டப்படி அதுவும் சரி. இவர் சட்டப்படி பிழை விட்ட ஆள் இல்லை, தம்பி. அதுதான் அவரோட உள்ள கரைச்சல்.

எலெக்சன் முடிஞ்சு இவர் திரும்பவும் வெண்ட அடுத்த நாள் அப்பா எங்கட வீட்டை வந்தவர், தெரியுமோ? வெண்டவரைப் பாக்கப் போறவை எலுமிச்சம்பழம் கொண்டு போறது வழக்கமெல்லே. அவரும் ஒண்டு கொண்டு வந்தவர். உள்ளுக்கு வரேல்ல, நாங்கள் வாங்கோ எண்டு சொல்லவுமில்லை. படலையடியில நிண்டு பழத்தை நீட்டினார். இவர் வாங்கினார். அப்பா சிரிச்சுக்கொண்டு, சேர்மன் ஐயா, கோடு நல்ல நேரா விழுந்திருக்கு எண்டார். அவ்வளவுதான் சொன்னவர். இவரும் சிரிச்சவர். சிரிச்சுப்போட்டுப் படலையைச் சாத்தினார். நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தப் பழத்தை ஊறுகாய்க்குப் போட மனம் வரேல்ல, எறியவும் மனம் வரேல்ல. காய்ஞ்சு கறுத்துப் போய்க் கிடந்தது.

ஹலோ, குட் மோர்னிங். யெஸ், மை ஹஸ்பண்ட். ஓவர் தெயர். நோ நோ, தட் டோக் இஸ் நொட் ஹிஸ். பாருங்கோ, அந்த நாய்க்காரரையும் இவரையும் ஒரே கட்சியெண்டு நினைக்கிறா.

என்ன சொன்னியள்? அது அந்தக் காலம் அன்ரி எண்டோ? நல்ல பிள்ளை நீங்கள். நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தனான், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஏன் சொன்னனான் எண்டா, எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில நாங்கள் கொழும்பில. வெள்ளவத்தையில என்ர தமையன் வீட்டை போயிருந்த நேரம். காடையர் வீட்டைக் கொளுத்தினாங்கள், உடுத்த உடுப்போட ஓடி ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள போய் விழுந்தனாங்கள். ஆயிரக்கணக்கில சனம். படுக்க இடமில்லை. அங்க அப்பா இருந்தார். கொழும்பில ஒரு அச்சகத்தில வேலைக்கு வந்திருந்தவராம். எங்களைக் கண்டிட்டு எழும்பி வந்து, இஞ்ச இருங்கோ எண்டு தான் விரிச்சிருந்த சேலைத் துண்டைக் காட்டினார். எனக்குப் படுக்க இடம் குடுத்திட்டு, அவரும் இவரும் சுவரில சாஞ்சுகொண்டு விடிய விடிய முழிச்சிருந்தவை. சோத்துக்கு வரிசையில நிக்கேக்க இவருக்குப் பின்னால அப்பா. பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏத்தினாங்களெல்லே, அந்தக் கப்பலில கடல் கொந்தளிச்சு இவர் சத்தி எடுத்துக் கிடக்க, அப்பாதான் தலையைப் பிடிச்சவர். தண்ணி குடுத்தவர். கோயில் வாசல்ல தள்ளி நிண்ட மனுசன்ர கையால, இவர் வாய் வைச்சுக் குடிச்சவர்.

கரையில இறங்கேக்க இவர் எனக்குச் சொன்னார், நாகேஸ், இனி இந்தக் கோடு ஒண்டும் இல்லை, எல்லாம் அங்க எரிஞ்சு போச்சுது எண்டு. நான் நம்பினனான். நான் லேசில ஒண்டையும் நம்புற ஆள் இல்லைத் தம்பி, பரீட்சைத்தாளில பிள்ளையள் எழுதின விடையை ரெண்டு தரம் பாத்துத்தான் புள்ளி போட்டனான். இதை நம்பினனான். அதை நம்பித்தான் எண்பத்தெட்டில அவரோட இஞ்ச வந்தனான், அதை நம்பித்தான் இந்தக் கடதாசியில என்ர பேரையும் போட விட்டனான்.

போன ஞாயிறு நோட்டீஸ் போடப் போனனாங்கள். நானும் அவரும் மட்டுந்தான். வீடு வீடாத் தபால் பெட்டிக்குள்ள போடுறது. குவேக்கர்ஸ் ஹில் ஸ்ரேசனில துவங்கி, நான் ஒரு பக்கம், அவர் மற்றப் பக்கம். நல்ல சந்தோசமா இருந்தார். எந்த வீட்டில மதில் வெளிய வந்திருக்கு, எந்த நடைபாதை வெடிச்சிருக்கு எண்டு, ஊரில போன மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் சும்மா சொல்லக்கூடாது, கால் நொந்தாலும் ஒரு சந்தோசம். அப்பிடியே வந்து அந்தப் பார்க்குக்குப் பின்னால ஒரு முடக்கு வருமெல்லே. ஓம், அதுதான், உங்கட வீதி. நான் நேர நடந்து முடக்கால திரும்பினன். பின்னால இருந்து, நாகேஸ், அங்கால வேண்டாம் எண்டு கேட்டுது.

ஏன் எண்டனான்.

அங்க வெள்ளவாய்க்காலடிச் சனம் மூண்டு நாலு குடும்பம் இருக்குது. அதுகள் எங்களுக்குப் போடாதுகள், வீண் நோட்டீஸ். வாரும் திரும்புவம் எண்டார்.

கோவமா இல்லை. இளக்காரமாகவும் இல்லை. மழை வரப்போகுது, குடையை எடும் எண்டு சொல்லுற மாதிரி. அந்த வீதியில சீனர் இருக்கினம், பிலிப்பீன்ஸ் ஆக்கள் இருக்கினம், வெள்ளைக்காரர் இருக்கினம். நீங்கள் மூண்டு நாலு வீடு இருக்கிறதால வீதி முழுக்க வெட்டுப்பட்டுப் போச்சுது. நான் அந்த முடக்கில கை நிறைய நோட்டீசோட நிண்டன். எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசை தெரிஞ்சுது. காதில பென்சில் மட்டுந்தான் இல்லை.

என்ன செய்தனியளோ? கேளுங்கோ, கேக்க உங்களுக்கு உரிமையிருக்கு. நான் திரும்பினனான். அவர் சொன்னார், நான் திரும்பினனான். ரெண்டு அடி எடுத்து வைச்சிருந்தா உங்கட பெட்டியில ஒண்டு விழுந்திருக்கும். வைக்கேல்ல. நாப்பது வருசமா அவர் திரும்பினா நானும் திரும்பிப் பழக்கம். இவ்வளவு படிச்ச மனுசி, ஆயிரம் பிள்ளையளுக்கு எல்லை எண்டா என்ன, ஆறு எண்டா என்ன எண்டு சொல்லிக் குடுத்த மனுசி, ஒரு முடக்கில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல் பின்னால போனன். உங்கட வீட்டை நோட்டீஸ் வரேல்ல எண்டு முதல்லயே சொன்னியளெல்லே, தவறிப் போச்சாக்கும் எண்டு. தவறேல்ல.

இண்டைக்கு உங்களைக் கண்டவுடன அவருக்கு வாக்கு ஞாபகம் வந்திட்டுது. வீதிக்குள்ள கால் வைக்க ஏலாது, ஆனா வாக்கு வேணும். அதுக்கும் தான் போகாமல் என்னை அனுப்பியிருக்கிறார். தான் போனாச் சரிவராது எண்டு சொன்னவரெல்லே, அப்ப அவருக்கு ஏதோ உறுத்துது. உறுத்தாட்டி இந்தா எண்டு வந்து கை குடுத்திருப்பார். அந்தக் கப்பலை அவர் மறக்கேல்ல. மறக்காமலும் அப்பிடித்தான் இருக்கிறார். அதை எனக்கு விளங்கப்படுத்த ஏலாமல் இருக்கு.

இல்லை, அவரைப் பேசுறதுக்கு நான் உங்களுக்கு இடம் குடுக்கேல்ல. நான் பேசலாம், அது வேற. எனக்கு முதுகு நொந்தா எழும்பி எண்ணெய் பூசிவிடுற மனுசன். காலமை எனக்கெண்டு மடிக்கிற கதிரையும் பிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டு வந்து வைச்சிட்டுத்தான் தான் வெயிலுக்குள்ள போய் நிண்டவர். இரவிரவா நித்திரையில்லை, எழும்பி எழும்பி என்னட்டைக் கேக்கிறார், வருமோ நாகேஸ், வருமோ எண்டு. நான் வரும் எண்டன். அப்பிடிச் சொல்லிக்கொண்டு பக்கத்தில படுத்துக் கிடக்கிறது லேசில்லைத் தம்பி. அது உங்களுக்கு இப்ப விளங்காது.

இஞ்ச வாசலுக்குக் கிட்ட வந்திட்டம். இதுக்கு அங்கால கடதாசி குடுக்கிற ஆக்கள் வரக்கூடாது, அந்தப் பிள்ளை என்னை முறைக்கிறா. யெஸ் டியர், ஐ நோ, ஐ ஆம் கோயிங்.

நீங்கள் ஆருக்குப் போடுறதெண்டு நான் சொல்லமாட்டன். அந்தக் கடதாசியை வேணுமெண்டா இஞ்ச தந்திட்டுப் போங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.

நானோ? நான் புதன்கிழமையே போட்டிட்டன். இண்டைக்கு முழுக்க இஞ்ச நிக்கவேணுமெண்டு முன்னுக்கே போய்ப் போடலாமெல்லே, அப்பிடிப் போட்டது. அந்தா மஞ்சள் ரீசேட்டோட நிக்கிற பிலிப்பீன்ஸ் பிள்ளைக்குப் போட்டனான். அவவின்ர நோட்டீஸ் எங்கட வீட்டுக்கு வந்தது. உங்கட வீட்டுக்கும் வந்திருக்குமே? ம். அப்ப சரி.

ஓம் தம்பி. கடதாசியில ரெண்டு பேர் இருக்கு. அந்த ரெண்டு பேருக்கும் நான் போடேல்ல. அண்டைக்குப் பின்னேரம் வந்து, போட்டிட்டீரோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். அப்ப எங்கட வீட்டு ரெண்டும் நிச்சயம் எண்டு சந்தோசமாச் சிரிச்சார்.

அந்தா, இஞ்சதான் பாக்கிறார். என்ன மாதிரியெண்டு கையால கேக்கிறார். நான் இந்தா, ஓம் எண்டு தலையை ஆட்டுறன். நீங்களும் ஒருக்காத் திரும்பி ஆட்டிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ.